பூட்டை உடைத்தது நான்தான்

அரசுப் பள்ளிக்கூடத்தின் கழிப்பறைப் பூட்டை உடைத்தவள் என்று என்னைப் பற்றித் தாலுகா அலுவலகத்தில் ஒரு தாள் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது உண்மை. புயல் அன்று, பகல் மூன்று மணிக்கு, ஆட்டோவின் டயர் கழற்றும் ஸ்பேனரால் உடைத்தேன். ஏன் உடைத்தேன் என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை. அதை நானே எழுதிவிடுகிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் பதினோரு வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். நான் திருநங்கை. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என் குரலைக் கேட்ட பிறகுதான் அதைக் கவனிப்பார்கள். சிலர் அடுத்த நிறுத்தத்திலேயே ஏதோ ஞாபகம் வந்தது போல இறங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் பழகிவிட்டார்கள். கூடையைக் கட்டவும் இறக்கவும் "எக்கா, ஒரு கை புடி" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவிலுள்ள ஒரு குப்பத்தில் ஓர் அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கூட என் மகள். நான் பெற்றவள் இல்லை; அவளும் திருநங்கை. மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வீட்டார் அடித்துத் துரத்திய அன்று என் வண்டியில் ஏறியவள், கடைசி நிறுத்தம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போவணும்?" என்று கேட்டேன்.

"தெரில."

"நாஸ்தா துன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். இட்லி வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முறைப்படி மகளாகத் தத்தெடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. பெரியவர்கள் கூடி அதையும் பிறகு செய்துவைத்தார்கள்.

புயல் வந்தபோது அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். வருடக்கணக்கில் காத்திருந்து, சென்னையில் அரசு மருத்துவமனையில் செய்துகொண்ட சிகிச்சை. புண் ஆறவில்லை. சுத்தமான இடம் வேண்டும், ஒரு நாளைக்குப் பலமுறை வெந்நீரில் கழுவ வேண்டும், கிருமி தொற்றிவிட்டால் ஆபத்து என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று காலையிலேயே மைக் கட்டிய வண்டி தெருத் தெருவாக வந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் எல்லோரும் கால்வாய்க்கு அந்தப் பக்கமுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வேன் ஒன்றுதான் வந்தது. ஊர்க்காரர்கள் என் வண்டியையும் கேட்டார்கள். ஒன்பது நடை அடித்தேன். நிறைமாதக் கர்ப்பிணி, மூச்சிரைப்புக்கு மருந்து வைத்துக்கொள்ளும் கிழவர், தொட்டிலோடு குழந்தை, இரண்டு ஆட்டுக்குட்டிகள் வரைக்கும் ஏற்றினேன். பாலத்தின் மேல் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. பத்தாவது நடையில் என் மகளை ஏற்றினேன். ஒரு வாளி, இரண்டு பழைய புடவை, மருந்துப் பை.

பள்ளிக்கூட வாசலில் பெஞ்சு போட்டு ஓர் ஆள் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நான் ஆட்களை இறக்கிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

நிமிர்ந்து பார்த்தார். முதலில் என்னை, பிறகு அவளை.

"ஆம்பளைங்க அந்தக் கட்டடம். பொம்பளைங்க இந்தக் கட்டடம்."

"தெரியும் சார். காலைலருந்து நான்தான் இட்டாந்து வுட்டுக்கினுகீறேன்."

"அப்ப அந்தப் பக்கம் போ அண்ணாத்த."

இந்த 'அண்ணாத்த' காலையில் இல்லை. காலையில் "யம்மா, சீக்கிரம், அடுத்த நடை போ" என்றுதான் கத்தினார். நான் பெண்கள் கட்டடத்துக்கு நடந்தேன். வாசற்படியில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். தினமும் என் வண்டியில்தான் கூடையோடு போகிறவள். அன்று மூன்றாவது நடையில் அவளையும் அவள் மருமகளையும் நான்தான் கொண்டுவந்து இறக்கினேன்.

"எக்கா, கோச்சிக்காத. உள்ள வயசுப் பொண்ணுங்கோ கீதுங்கோ. துணி மாத்துதுங்கோ."

"நானும் துணிதான் மாத்தணும். சொட்டச் சொட்ட நிக்கிறேன், தெரியல?"

"அது சரி. ஆனா நீ வேற, நாங்க வேற இல்ல?"

"வண்டில குந்தும்போது தெரியலயா அது?"

அவள் தரையைப் பார்த்தாள். ஆனால் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்து வந்து நின்றார்கள்.

ஆண்கள் கட்டடத்தையும் எட்டிப் பார்த்தேன். உள்ளே சிலர் குடித்திருந்தார்கள். ஒருவன் தன் பாயைத் தட்டி, "வா வா, எடம் கீது" என்று சிரித்தான். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆறாத புண்ணோடு இருக்கிறவளை அங்கே படுக்க வைக்க நான் பைத்தியக்காரி இல்லை.

திரும்பப் பதிவேட்டுக்காரரிடம் வந்தேன். "எங்க பேர எழுது" என்றேன். 'சார்' போய்விட்டது.

"எந்தப் பக்கத்துல எழுதறது? இது ஆம்பளைங்க பக்கம், இது பொம்பளைங்க பக்கம்."

"ரெண்டுத்துக்கும் நடுவுல கோடு கீது இல்ல? அது மேல எழுது."

"இன்னாமா, பேஜார் பண்றே. எங்கயாச்சும் ஓரமா குந்திக்க வேண்டிதுதான? யாரு உன்ன வெளிய போவச் சொன்னா?"

"பேரு எழுதலன்னா நாங்க வரவே இல்லன்னு ஆயிடும். நாங்க செத்தா, ரெண்டு ஆளு கொறையுதேன்னு தேடறதுக்கு இந்த நோட்ட வுட்டா வேற யாருமில்ல. எழுது."

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இதர 2' என்று எழுதினார். அதை அடிக்கச் சொன்னேன். பெயர் எழுதும்வரை பெஞ்சை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகு எழுதினார். என் பெயர், அவள் பெயர். நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள்.

பெயர் ஏறியதே தவிர, இடம் கிடைக்கவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலிருந்த தாழ்வாரத்தில் புடவையை விரித்து அவளைப் படுக்க வைத்தேன். சாரல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"யம்மா, பாத்ரூம் போவணும். தாங்க முடில."

பிள்ளைகளுக்கான கழிப்பறைகளில் அவ்வளவு கூட்டம். தரையில் கணுக்கால் வரை கலங்கிய தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் அவளை உட்கார வைப்பதும் புண்ணில் சேற்றைப் பூசுவதும் ஒன்று. பின்பக்கம் ஆசிரியர்களுக்கான கழிப்பறை ஒன்று இருந்தது. டைல்ஸ் போட்டது, உயரமான இடம், உள்ளே தாழ்ப்பாள், குழாய். கதவில் பூட்டு.

சாவி எங்கே என்று பதிவேட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஹெச்.எம். மேடம் கைல. அவங்க வூடு செங்கல்பட்டுல."

"போன் போடு."

"டவர் இல்ல."

"அப்ப ஒடைக்கட்டா?"

விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் பதிவேட்டுக்குத் திரும்பினார். வண்டிக்குப் போய் ஸ்பேனரை எடுத்துவந்தேன். முதல் அடிக்குப் பூட்டு அசையவில்லை. இரண்டாவது அடிச் சத்தத்துக்கு அவர் ஓடி வந்தார்.

"ஏய், கவர்மென்ட் சொத்து அது!"

"நான் மட்டும் யாரு? கவர்மென்ட் கூப்ட்டுத்தான வந்துகீறேன்?"

மூன்றாவது அடிக்குக் கொண்டி மரத்தோடு பெயர்ந்து வந்தது. மகளைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். அந்த மூன்று அடியும் எத்தனையோ வருடக் கோபம். அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மா எதுவும் கேட்காமல் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகள் வெளியே வந்தபோது அங்கே ஒரு வரிசை நின்றது. முதலில் அந்த நிறைமாதக் கர்ப்பிணி, சுவரைப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். கடைசியில் மீன்காரம்மா.

"எக்கா, நானும் போலாமா?"

"போ" என்றேன். சொல்லத் தோன்றியது நிறைய. அவளுக்கும் அவசரம், சொல்லவில்லை.

அந்தக் கழிப்பறைக்கு வெளியே கூரை போட்ட சின்ன வழி ஒன்று இருந்தது. ஒரு ஆள் படுக்கலாம், ஒரு ஆள் உட்காரலாம். புயல் கரையைக் கடந்து முடியும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

மறுநாள் குப்பத்துக்குத் திரும்பினால் எங்கள் வீட்டில் ஷீட் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து வண்டியைக் கேட்டாள்.

அந்தக் கோடி வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கடற்கரைச் சாலையில் கிளிஞ்சல் மாலையும் சிப்பிப் பெட்டியும் விற்பவர்கள். அக்கா தங்கை என்று சொல்லிக்கொள்வார்கள். ஒருத்தி நெட்டை; ஓடி வந்தவள் குட்டை. முகத்தில் ஒரு சாயலும் ஒட்டாது. ஊரும் நம்பியது போல நடித்தது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புயலின்போது அவர்கள் வீட்டை விட்டு வரவில்லை. சுவர் இடிந்து நெட்டையின் கையில் விழுந்திருந்தது.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியில் கேட்டேன்.

"மைக்குல அவ்ளோ கத்துனாங்களே, ஏன் வரல?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நெட்டைதான் பதில் சொன்னாள். "முன்ன ஒரு தபா போனோம். வூட்டுக்காரர் பேரு இன்னான்னாங்கோ. ரெண்டு பேருக்கும் இல்லன்னோம். ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. ராவெல்லாம் எங்களத்தான் பாத்துக்கினு இருந்தாங்கோ. அதுக்குச் செவுரு வுழுந்தா தேவல."

குட்டை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மதிய வெயிலில், ஊர் பார்க்கும் சாலையில். கண்ணாடியில் பார்த்துவிட்டு நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கொஞ்ச நாளில் என் கதை ஊரில் பரவியது. நல்ல மனதோடுதான் பேசினார்கள். "ஒன்பது நடை அடிச்சிது பாவம், அதுக்கே எடம் தர்ல" என்றார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. என் மகள் ஒரு நடையும் அடிக்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் யாரையும் காப்பாற்றவில்லை. ஊருக்கு உழைத்ததால்தான் எனக்கு இடம் என்றால், உழைக்க முடியாமல் படுத்திருந்தவளுக்கு என்ன பதில்? மற்றவர்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லையே. பாயைத் தட்டிச் சிரித்தவன் எத்தனை நடை அடித்தான்?

அப்புறம்தான் தாலுகா அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பூட்டு விஷயம். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி.

"பூட்டை உடைச்சது நீங்களா?"

"நான்தான் மேடம். எழுதிக்குங்க. அது பூட்டியிருந்துதுன்னும் எழுதுங்க. புயல் வருது வருதுன்னு ஒரு வாரமா டிவில சொன்னாங்க. ஆளு வந்துது, அரிசி வந்துது, சாவி மட்டும் வரல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சொன்னதை எழுதவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு முன்னால் செங்கல்பட்டில் புயல் முன்னேற்பாட்டுக்கான மாவட்டக் கூட்டம் நடக்கும், அங்கே வந்து இதையே சொல்லுங்கள் என்றார். சொன்னபடி தகவலும் அனுப்பினார்.

மகளும் நானும் போனோம். புண் ஆறி, அவள் நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தாள். பெரிய அறை, பெரிய திரை. யார் யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியல் காட்டினார்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கால்நடைகள். கால்நடை வரைக்கும் இருந்தது. நாங்கள் இல்லை. கையைத் தூக்கினேன்.

நடந்ததைச் சொன்னேன். ஓர் அதிகாரி இரக்கத்தோடு, "உங்களுக்குன்னு தனியா ஒரு முகாமே போட்டுடலாம்மா" என்றார்.

"வேணாம் சார். ஊரு ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கமா? எங்க தெரு ஜனம் எங்க போவுதோ அங்கயே எங்களுக்கும் ஒரு ரூம் குடுங்க. உள்ள தாழ்ப்பாள் இருந்தா போதும்."

இன்னொருவர், புயல் விழிப்புணர்வு நிகழ்ச்சியில் எங்கள் ஆட்கள் ஒரு நடனம் ஆடலாமே என்றார். சில பேர் தலையாட்டினார்கள்.

"ஆடறவங்க ஆடுவாங்க சார், அது மரியாதையான தொழில். நான் டிரைவர். வண்டி லிஸ்ட்டுல என் நம்பர எழுதுங்க."

அப்போது என் மகள் எழுந்தாள். நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாதவள். குரல் முதலில் உடைந்தது, அப்புறம் சரியானது. "முகாம்ல வூட்டுக்காரர் பேரு கேக்கறத நிறுத்துங்க. அது தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க? அதுக்கு பயந்துகினே செவுத்துக்கடியில குந்தினு கீறவங்க இருக்காங்க. ஒரு வூட்ல யாரு யாரு கீறாங்கன்னு அவங்க சொல்றத எழுதுங்க. பாத்ரூம் சாவி முகாம்ல இருக்கணும், செங்கல்பட்டுல இருக்கக் கூடாது."

கடைசி வார்த்தைக்கு யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரித்தவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் நிறுத்தும்வரை. யாரையும் காட்டிக்கொடுக்காமல் அந்த இரண்டு பெண்களுக்காக அவள் பேசியது எனக்கு மட்டும் தெரிந்தது.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. புதிய படிவம் வந்தது, அதில் ஆண், பெண், மற்றவர் என்று மூன்று கட்டம். யாருக்கு மற்றவர்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். அடுத்த திங்களும் போனேன். கடைசியில் 'மற்றவர்' அடிக்கப்பட்டு, 'திருநங்கை, திருநம்பி' என்று பேனாவால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த படிவம் வந்தது. கோணல் எழுத்துதான். போதும் என்று திரும்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் ஒரு புயல் சின்னம். இந்த முறை என் எண் பட்டியலில் இருந்தது. காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. முதலில் கோடி வீட்டுக்குப் போனேன். நெட்டை அந்தக் கையை இன்னும் முழுதாக நீட்ட முடியாமல் வைத்திருந்தாள்.

"வரல" என்றாள்.

"வூட்டுக்காரர் பேரு கேக்க மாட்டாங்க. ஃபாரத்துல அது இல்ல. நான் பாத்துட்டேன்."

"கேட்டா?"

"கேட்டா நான் கீறேன்."

"நீ எத்தினி பேரோட சண்ட போடுவ?"

"இன்னிக்கிப் பூரா வேற வேல இல்ல எனக்கு."

குட்டைதான் முதலில் எழுந்து கிளிஞ்சல் மூட்டையைத் தூக்கினாள்.

பள்ளிக்கூடத்தில் அதே பெஞ்சு, அதே ஆள். என்னைப் பார்த்ததும் புதிய படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். நெட்டை தன் பெயரைக் குடும்பத் தலைவியாகச் சொன்னாள். எழுதினார். குட்டையின் பெயரை எழுதிவிட்டு, "உறவு முறை?" என்றார். நெட்டை வாயைத் திறந்து மூடினாள். அக்கா தங்கை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கூட வாழறவ. எழுதிக்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து எழுதினார்.

எங்களுக்கு மூன்றாம் வகுப்பு அறையை ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள், புதிது. வெளியே கதவில் 'திருநங்கைகள் மட்டும்' என்று பெரிய எழுத்தில் தாள் ஒட்டியிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கட்டும் என்பது போல. கிழித்துப் போட்டேன். யாருக்கு வேண்டுமோ வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். அந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். ஞாபகம் மங்கிப்போன ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஆண் கட்டடம், பெண் கட்டடம் என்று பிரித்ததில் அவருக்கு வேட்டி மாற்றிவிடக்கூட அந்த அம்மாவால் போக முடியாமல் இருந்ததாம். எங்கள் அறையில் இருவருக்கும் ஒரே பாய் போட்டுக் கொடுத்தோம். வாசலில் நின்று செல்போனில் எங்களைப் படம் பிடித்த ஒருவனிடமிருந்து என் மகள் போனை வாங்கித் தண்ணீர் வாளியில் போட்டாள். அதற்கும் ஒரு தாள் வரும். வரட்டும்.

காற்று நின்ற மறுநாள் காலை, கூரை போனவர்களுக்குத் தார்ப்பாய் கொடுக்க ஒருவர் வந்தார். குடும்ப அட்டை உள்ளவர்கள் மட்டும் வரிசைக்கு வரவும் என்றார். இது கூட்டத்தில் பேசி முடிக்காமல் விட்ட விஷயம். நான் முன்னால் போவதற்குள் குட்டை போய்விட்டாள். அத்தனை நாளில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அட்டை இருக்கா?"

"அட்டை இல்ல."

"அட்டை இல்லன்னா எப்பிடிம்மா தர்றது?"

"ஆளு கீறேன். எதிர்லதான் நிக்கிறேன், தெரியுதா? வூடு அங்க கீது, கூரை இல்ல, வந்து பாரு. ரெண்டு பேரு கீறோம்."

அவர் பட்டியலைப் புரட்டினார். வேறு யாரையோ கேட்க வேண்டும் என்றார். கேளு, நான் இங்கேயே நிற்கிறேன் என்று அவள் வரிசையின் முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. நெட்டையும் போய் அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு என் மகள். பிறகு நான்.